பன்னிரண்டு முடிந்து ஏழாவது மாதம்

தேன்கனிக்கோட்டை
14-11-1954

பிரியமுள்ள அக்கா சரோஜம்மாளுக்கு, தங்கை சென்னம்மாள் சொல்லி எழுதுவது.

இங்கே நாங்கள் மூன்று பேரும் தெய்வத்தின் தயவில் சுகமாக இருக்கிறோம். உன் உடம்பும் கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரி வேலையும் எப்படி என்று எழுது. பிரசவ வார்டில் நின்று நின்று கால் வீங்குகிறது என்றாயே, இப்போது தேவலையா?

நிற்க, ஐப்பசிக் கடைசியில் யானைகள் இறங்கிக் கீழ்க்காட்டு ராகியில் பாதியை மிதித்துவிட்டுப் போய்விட்டன. மிச்சத்தை அறுத்துக் களம் சேர்த்துவிட்டோம். நாகவேணிக்குப் போன வாரம் பன்னிரண்டு முடிந்தது. முதல் பாரத்தில் கணக்கில் அவள்தான் முதலாம். அத்திப்பள்ளியிலிருந்து என் வீட்டுக்காரரின் அக்கா வெங்கடம்மாள் வந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போனார்கள். வேறு விசேஷம் இல்லை.

இப்படிக்கு,
சென்னம்மாள்

பெரியம்மா, அம்மா சொல்லச் சொல்ல எழுதியது நான்தான். எழுத்து நன்றாக இருக்கிறதா? அத்தை எனக்கு மாம்பழக் கலரில் சேலை கொண்டுவந்தார்கள். கட்டிப் பார்த்தேன், தடுக்கி விழுந்தேன். அத்தை சிரிக்கவில்லை. 'பழகிக்குவா' என்றார்கள். இதை எழுத வேண்டாம் என்றாள் அம்மா. நானாக எழுதினேன்.
நாகவேணி


கிருஷ்ணகிரி
23-11-1954

அன்புத் தங்கை சென்னம்மாளுக்கு அக்கா எழுதியது.

நான் சௌக்கியம். கால்வீக்கம் வற்றியிருக்கிறது. உன் வீட்டுக்காரர், குழந்தை, மாடுகன்று எல்லாம் நலமாயிருக்க வேண்டும்.

அத்திப்பள்ளியிலிருந்து வெங்கடம்மாள் சும்மா வருகிறவள் அல்ல. மூன்று நாள் இருந்திருக்கிறாள், நீ ஒரு வரியில் முடித்துவிட்டாய். என்ன பேசினாள்?

நேற்று வார்டுக்கு ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கிவந்தார்கள். வயது பதின்மூன்று. குழந்தை படிக்கப்போகும் கடிதம் என்பதால் மேலே எழுதவில்லை.

நாகவேணி, உன் எழுத்து முத்துமுத்தாக இருக்கிறது. அந்தச் சேலையை மடித்துப் பெட்டியில் வை.

அக்கா,
சரோஜம்மாள்


தேன்கனிக்கோட்டை
9-1-1955

அக்காவுக்குச் சென்னம்மாள் எழுதச் சொன்னது.

இங்கே பனி அதிகம். என் வீட்டுக்காரருக்கு இருமல், மற்றபடி சுகம். உன் சுகத்துக்கு எழுது.

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடவில்லை, கோபிக்காதே. நாகவேணிக்குச் சம்பந்தம் பேசி முடித்திருக்கிறது. மாப்பிள்ளை, வெங்கடம்மாளின் மகன் கங்கப்பன். அத்திப்பள்ளியில் ரைஸ் மில் வைத்திருக்கிறார். வயது இருபத்தொன்பது. முதல் சம்சாரம் தவறிவிட்டாள். பிள்ளைகள் இல்லை. வெங்கடம்மாளுக்கு வயிற்றில் கட்டி, வருஷம் தாங்காது என்று பெங்களூர் டாக்டர் சொல்லிவிட்டாராம். மகன் கல்யாணத்தைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்கிறார்கள். நீ மனப்பூர்வமாக ஆசீர்வாதம் செய்ய வேண்டும்.

சென்னம்மாள்

பெரியம்மா, இதைச் சொல்லும்போது அம்மா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். 'நாகவேணிக்கு' என்று என் பெயரை நானே எழுதினேன். சித்திரையில் எனக்குப் பரீட்சை. அதற்கு விடுவார்களா என்று கேட்டு எழுதுங்கள். நான் கேட்டால் அப்பா பதில் சொல்வதில்லை.


கிருஷ்ணகிரி
14-1-1955

சென்னம்மாளுக்கு,

பொங்கலும் அதுவுமாக உங்கள் எல்லோருக்கும் நல்லது நடக்கட்டும். நான் நலம்.

கடிதம் கண்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலு விஷயம் கேட்கிறேன், மறைக்காமல் எழுது. கங்கப்பனின் முதல் சம்சாரம் எதனால் இறந்தாள்? அப்போது அவளுக்கு என்ன வயது? நாகவேணி இன்னும் பெரியவளாகவில்லைதானே? இதில் உனக்குச் சம்மதமா?

பெண்ணுக்குப் பதினைந்து முடியாமல் தாலி கட்டுவது சட்டப்படி குற்றம். கட்டுகிறவன், கட்டிவைக்கிற தகப்பன், நடத்திவைக்கிற ஐயர் எல்லோரும் தண்டனைக்கு ஆளாவார்கள். உன் வீட்டுக்காரரிடம் பதமாக எடுத்துச் சொல். ஊர் முழுக்க இப்படித்தான் நடக்கிறது என்பார். நடந்த பிறகு அவர்கள் எங்கே வருகிறார்கள் என்று நான் தினம் பார்க்கிறேன்.

உடனே பதில் போடு.

சரோஜம்மாள்

நாகவேணி, பரீட்சைக்குப் படி. படிப்பதை நிறுத்தாதே.


தேன்கனிக்கோட்டை
2-3-1955

அண்ணி அவர்களுக்குத் திம்மராயன் வணக்கம்.

நாங்கள் சுகம். தங்கள் சுகமும் அப்படியே இருக்கட்டும்.

தாங்கள் எழுதிய கடிதங்கள் வந்தன. இனி நாகவேணியை எழுதச் சொல்வதில்லை, அதனால் நானே எழுதுகிறேன். அவள் மாசி முதல் பள்ளிக்கூடம் போவதில்லை.

எனக்கு ஐந்து வயதில் தாய் போய்விட்டாள். என் அக்காதான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கட்டிக்கொடுத்த வீட்டுக்கும் என்னைக் கூட்டிப்போய், மாமியாரிடம் அடிவாங்கி எனக்குச் சோறு போட்டாள். இதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இப்போது ஒன்று கேட்கிறாள். சாகப்போகிறவளிடம் முடியாது என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. நீங்கள் என் இடத்தில் இருந்தால் சொல்வீர்களா?

சட்டம் என்று எழுதியிருந்தீர்கள். அது மெட்ராஸ் ராஜ்யத்தோடு சரி என்கிறார்கள். கல்யாணம் ஜூஜுவாடி எல்லை தாண்டி மைசூர் ராஜ்யத்தில் நடக்கிறது. ஆகவே தாங்கள் கவலைப்பட வேண்டாம்.

திம்மராயன்


கிருஷ்ணகிரி
9-3-1955

மாப்பிள்ளை அவர்களுக்குச் சரோஜம்மாள் எழுதுவது.

உங்கள் இருமல் குணமாயிருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் அக்காவின் நோவை நினைத்தால் எனக்கும் சங்கடம்தான். அவர்கள் உங்களை வளர்த்தது பெரிய காரியம். அதை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் சட்டம் எல்லைக்கு அந்தப் பக்கமும் அதேதான். நாலு வருஷத்துக்கு முன்பே அங்கும் வந்துவிட்டது என்று விசாரித்தேன்.

இனி எழுதுவதை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். எனக்குப் பதினொன்றில் கல்யாணம். பதின்மூன்றில் பிரசவம். மூன்று நாள் வலி. குழந்தை உள்ளேயே இறந்தது. நான் பிழைத்தேன், ஆனால் உள்ளே கிழிந்துபோய் மூத்திரம் நிற்காமல் ஒழுகும். துணி எந்நேரமும் ஈரம். நாற்றம் தாங்காமல் மாமியார் வீட்டில் மாட்டுக்கொட்டகையில் படுக்கவைத்தார்கள், பிறகு அனுப்பிவிட்டார்கள். ஆறு வருஷம் அப்படி இருந்தேன். ஒரு டாக்டரம்மா தைத்துச் சரிசெய்தார். அவருக்குப் பின்னாலேயே ஆயாவாக வந்துவிட்டேன். 'மாமியாரோட ஒத்துவரலே' என்றுதான் எங்கள் அப்பா ஊரில் சொன்னார். சென்னம்மாளுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

என் கல்யாணம் நடந்து நாலு வருஷம் கழித்துத்தான் அந்தச் சட்டம் வந்தது. எனக்கு உதவவில்லை. நாகவேணிக்கு இருக்கிறது.

நிச்சயம் மட்டும் செய்யுங்கள். உங்கள் அக்கா கண்ணால் பார்க்கட்டும். தாலியைப் பதினைந்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கும்பிட்டுக் கேட்கிறேன்.

சரோஜம்மாள்


தேன்கனிக்கோட்டை
27-4-1955

அக்காவுக்குச் சென்னம்மாள் சொல்ல, பக்கத்துக் காட்டு எல்லப்பன் எழுதியது. எல்லோரும் சுகம். உன் சுகம் வேண்டும்.

உன் கடிதத்துக்கு அவர் பதில் எழுதவில்லை. படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிட்டார். இதைப் படித்துப் பார்த்த பிறகுதான் தபாலில் சேர்ப்பார். கல்யாணத்துக்கு அழைக்கத்தான் எழுதுகிறேன்.

மன்மத வருஷம் வைகாசி மாதம் இருபதாம் தேதி வெள்ளிக்கிழமை, இங்கிலீஷ் ஜூன் 3, காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். இடம், அத்திப்பள்ளி ரைஸ் மில்லை ஒட்டிய மாப்பிள்ளை வீடு. பெண்ணின் தகப்பனார் திம்மராயன். மாப்பிள்ளை கங்கப்பன். மாப்பிள்ளையின் தாயார் வெங்கடம்மாள். பெண் பிறந்தது சித்ரபானு வருஷம் ஐப்பசி இருபதாம் தேதி. ஜாதகத்திலும் அப்படியே, ஹெட்மாஸ்டர் சென்னகிருஷ்ணன் சார் ரிஜிஸ்தரிலும் அப்படியே. ஜாதகம் என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது.

எனக்கு உன்னைவிட்டால் பிறந்தவீட்டு மனுஷி யாரும் இல்லை. அதனால் வருவதானால் முகூர்த்தத்துக்கு முன்னாலேயே வந்துவிடு. ஆன பிறகு வந்து பிரயோஜனம் இல்லை.

சென்னம்மாள், கைநாட்டு


ஓசூர்
12-5-1955

கிருஷ்ணகிரி ஸ்ரீமதி சரோஜம்மாளுக்கு வக்கீல் நாராயணப்பன் எழுதுவது. தாங்கள் பத்திரமாக ஊர் சேர்ந்திருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் மனுவை மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தாக்கல் செய்துவிட்டேன். தங்கள் தங்கையின் கல்யாண அழைப்பைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நாள், நேரம், இடம், பெயர்கள், பெண்ணின் வயது, அதற்கு ஆதாரம். மனுவுக்கு வேண்டியது எதுவும் அதில் விட்டுப்போகவில்லை. கணவர் படித்துப் பார்த்தும் அனுப்பியிருக்கிறார். 'இது எனக்கு அழைப்பு இல்லீங்க, என்னைக் கூப்பிடறா' என்று தாங்கள் சொன்னது சரிதான்.

தாங்கள் கேட்டவற்றுக்குப் பதில். இந்தச் சட்டத்தில் பெண்களுக்குச் சிறை கிடையாது, ஆகவே தங்கள் தங்கைக்குப் பயமில்லை. திம்மராயன் உத்தரவை மீறினால் மூன்று மாதம் வரை சிறை. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். தாலி கட்டிவிட்டால் அது கல்யாணம்தான். சட்டம் தண்டிக்கும், அவிழ்க்காது. ஆகவே முன்னதாகத் தடுத்தால்தான் உண்டு.

எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கொடுத்து விசாரித்த பிறகே உத்தரவு போடுவார்கள். விசாரணை மே 27, வெள்ளிக்கிழமை. நோட்டீஸ் போனதும் அவர்கள் தேதியை முன்னுக்குத் தள்ளலாம். அதுதான் என் பயம். ஏதாவது காதில் விழுந்தால் உடனே தெரியப்படுத்தவும்.

நாராயணப்பன்


அத்திப்பள்ளி
24-5-1955

பெரியம்மாவுக்கு நாகவேணி.

நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் நன்றாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். பென்சிலால் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

வீட்டுக்குக் கோர்ட்டு ஆள் வந்து, 27-ஆம் தேதி ஓசூர் கோர்ட்டுக்கு வரச் சொல்லி ஒரு காகிதம் கொடுத்தார். மறுநாளே அத்தை வண்டி கட்டி வந்து என்னை மட்டும் இங்கே கூட்டிவந்துவிட்டார்கள். எனக்குக் கன்னடம் தெரியாது என்று நினைத்து என் எதிரிலேயே பேசுகிறார்கள். சந்தையில் பழகி எனக்குப் புரியும். முகூர்த்தம் இப்போது 29, ஞாயிற்றுக்கிழமையாம். ஐயர் வேறு ஊராம்.

எதிர்வீட்டுப் பெண் சொன்னாள், முன்னே இருந்த அக்காவுக்குப் பதினாலு வயதாம். குழந்தை பிறக்கும்போது இறந்துவிட்டாளாம். குழந்தையும் இல்லையாம். அவள் பாவாடை ஒன்று இன்னும் கொடியில் கிடக்கிறது. எனக்கு அது சரியாக இருக்கும் போல இருக்கிறது.

அத்தை என்னிடம் பிரியமாகத்தான் இருக்கிறார்கள். கையைப் பிடித்துக்கொண்டே தூங்குகிறார்கள். விட்டால் விழித்துக்கொள்கிறார்கள். கடைக்கு உப்பு வாங்க அனுப்பினார்கள், அங்கே தபால்பெட்டி இருக்கிறது. ஓடலாம் என்று நினைத்தேன், எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. 27-க்குள் இது வந்துவிடுமா?


தேன்கனிக்கோட்டை
14-6-1955

பெரியம்மாவுக்கு நாகவேணி எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். உங்களுக்குக் கால் வலிக்கிறதா?

27-ஆம் தேதி சாயங்காலம் அப்பா அத்தை வீட்டுக்குள் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. 'கெளம்பு கண்ணு' என்றார். அத்தை அப்பா காலைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அப்பாவும் அழுதார். அப்புறம் என்னைத் தூக்கினார். எனக்கு வெட்கமாக இருந்தது, நான் பெரிய பெண் இல்லையா. ஜூஜுவாடி வரை தூக்கிக்கொண்டே நடந்தார்.

அப்பா எங்களோடு பேசுவதில்லை. அம்மா தட்டை வைக்கிறாள், அப்பா சாப்பிடுகிறார். ஆனால் பள்ளிக்கூடம் திறந்த அன்று அவரே கொண்டுபோய் விட்டார். கோர்ட்டில் என்ன நடந்தது? ஊரில் எல்லோருக்கும் தெரிகிறது. என்னைப் பார்த்ததும் நிறுத்திவிடுகிறார்கள். அம்மாவைக் கேட்டால், 'பெரியம்மாவைக் கேளு' என்கிறாள்.


கிருஷ்ணகிரி
20-6-1955

கண்ணே நாகவேணி, நான் நலம். நீ பள்ளிக்கூடம் போவதைப் படித்ததும் கால்வலி மறந்தது.

உன் கார்டு 26-ஆம் தேதி சாயங்காலம் கிடைத்தது. கையில் எடுத்துக்கொண்டு விடியற்கால பஸ்ஸில் ஓசூர் போனேன். உன் அப்பா கோர்ட்டில் நின்றார். பக்கத்தில் உன் அம்மா, தலையில் முக்காடு, என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. வயது கேட்டார்கள். 'பதினஞ்சு முடிஞ்சிடுச்சுங்க' என்றார் அப்பா. அவர் பொய் சொல்லிப் பழகாதவர், குரல் வெளியே வரவில்லை. நம் வக்கீல் பள்ளிக்கூட ரிஜிஸ்தர் நகலைக் காட்டினார். அவர்கள் வக்கீல் எழுந்து, பள்ளிக்கூடத்தில் வயதைக் குறைத்துக் கொடுப்பது எல்லோரும் செய்வதுதான் என்றார். மாஜிஸ்திரேட் யோசிக்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு நடுவில் ஒரு நாள்தான் இருந்தது.

அப்போது அவர்கள் வக்கீலே, தாயாரைக் கேட்கலாம் என்றார். தங்கள் பக்கம் சாட்சி சொல்லத்தானே உன் அம்மாவைக் கூட்டிவந்திருந்தார்கள். உன் அம்மா கூண்டில் ஏறினாள். 'பயப்படாமச் சொல்லும்மா' என்றார் மாஜிஸ்திரேட்.

'பன்னெண்டு முடிஞ்சு ஏழாவது மாசம் நடக்குதுங்க' என்றாள். 'பெத்தவ நான். எனக்குத் தெரியாதுங்களா?' பிறகு இடுப்பிலிருந்து ஜாதகத்தை எடுத்து வைத்தாள். உன் அப்பா அவளைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தே சொன்னாள், 'உங்க பேச்சை நான் தட்டினதில்லீங்க. புள்ளைக்கோசரம் இன்னைக்குத் தட்டறேன்' என்று.

பதினைந்து முடியும் வரை கல்யாணம் கூடாது என்று அங்கேயே உத்தரவு எழுதினார்கள். பெண் எங்கே என்று கேட்டார்கள். உன் கார்டைக் கொடுத்தேன். படித்ததும் மாஜிஸ்திரேட் போலீசை அனுப்பச் சொன்னார். உன் அப்பா குறுக்கே வந்து, 'வேணாமுங்க, நானே போய்க் கூட்டியாறேன்' என்றார். என்னைத் தாண்டித்தான் போனார்.

அவர் பேசாவிட்டால் விடு. காத்திரு. படி.

பெரியம்மா


தேன்கனிக்கோட்டை
3-10-1955

அண்ணி அவர்களுக்குத் திம்மராயன் எழுதுவது. இங்கே மூவரும் சுகம். தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

என் அக்கா ஆடி மாதம் பதினெட்டாம் தேதி காலமானாள். கடைசி மூன்று நாள் பக்கத்தில் இருந்தேன். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் தண்ணீர் விட்டால் வாயை மூடிக்கொள்வாள், வேறு யாராவது விட்டால் குடிப்பாள். அதைத் தங்கள் மேல் பழி போடுவதற்காக எழுதவில்லை. பழி இல்லை என்றும் எழுத முடியவில்லை. சென்னம்மாளோடு இப்போது பேசுகிறேன், அவசியத்துக்கு.

எழுத வந்தது வேறு. பதின்மூன்றாம் நாள் காரியத்துக்குச் சூளகிரியிலிருந்து ஒரு விதவை வந்திருந்தாள். கூட அவள் மகள். கங்கப்பனுக்கு அந்தப் பெண்ணைப் பேசி முடித்துவிட்டதாகச் சொன்னார்கள். வருஷம் திரும்புவதற்குள் வீட்டில் நல்லது நடக்க வேண்டுமாம். பெண் பெயர் கெம்பம்மா. எச்சில் இலை எடுத்துக்கொண்டிருந்தவளைக் கூப்பிட்டு, 'உனக்கு என்ன வயசு?' என்றேன். 'பன்னெண்டோ என்னமோங்க' என்றாள். வேலை முடிந்ததும் இலைக்கட்டின் மேலேயே சாய்ந்து தூங்கிவிட்டாள். வாயில் கோரைப்பல் ஒன்று இப்போதுதான் முளைத்துக்கொண்டிருந்தது.

என் அக்கா மகன் மேல் நான் எப்படி எழுதுவது என்று ஏழு வாரம் சும்மா இருந்தேன். முடியவில்லை. தாங்கள் மாசியில் எனக்கு மட்டும் எழுதிய கடிதத்தை எரித்துவிட்டேன், ஆனால் படித்ததை எரிக்க முடியவில்லை.

அந்தப் பெண்ணுக்குப் பெரியம்மா யாரும் இல்லை. மனுக் கொடுக்கப் பெண்ணின் உறவாக இருக்க வேண்டுமா, யார் வேண்டுமானாலும் கொடுக்கலாமா என்று வக்கீல் நாராயணப்பனிடம் விசாரிக்கவும். யாரும் கொடுக்கலாம் என்றால் என் பெயரைப் போடச் சொல்லவும். எந்தத் தேதியில் வரச் சொன்னாலும் ஓசூருக்கு வந்து நிற்கிறேன். இந்த முறை வயதைச் சரியாகச் சொல்கிறேன்.

முகூர்த்தம் ஐப்பசி பத்து. நோட்டீஸ் போக வேண்டும், விசாரணை வைக்க வேண்டும். இன்னும் இருபத்துநாலு நாள்தான் இருக்கிறது. தயவுசெய்து தாமதிக்க வேண்டாம்.

திம்மராயன்